ஏதென்ஸ் நகரின் குளிர்கால விருந்தினர்

கிரேக்க நாட்டைக் காண விரும்பிச் செல்வோரில் பெரும்பாலோர் கோடைக்காலத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். நீலக் கடலும் தெளிந்த வானமும் அவர்களை அழைக்கின்றன. ஆனால் அண்மைக் காலத்தில் ஏதென்ஸ் நகரின் கோடை கடுமை மிகுந்துவிட்டது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் வெப்பம் 40 பாகையை எட்டிய நாட்களில், புகழ்பெற்ற அக்ரோபோலிஸ் குன்றை நண்பகல் வேளையில் மூடி வைக்க நேர்ந்தது. கூட்டமும் பெருகவே, நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் குன்றின்மீது ஏறலாகாது என்று 2023 செப்டம்பரில் வரம்பு வகுத்தனர். ஆதலின், அந்நகரை அமைதியாகக் காண விழைவோர் மார்கழி, தை மாதங்களில் வரும் விடுமுறை நாட்களை நாடத் தொடங்கியுள்ளனர்.

இது புதிய வழக்கம் என்று எண்ண வேண்டா. குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரில் வந்து தங்கிய அயலாரின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டு நீளமுடையது. அவர்களுள் பேரரசர் உண்டு, படைத்தலைவர் உண்டு, ஓவியர், மருத்துவர், கவிஞர் உண்டு. சிலர் கொடுத்துச் சென்றனர். சிலர் எடுத்துச் சென்றனர். ஒரு பழம்பெரும் நகரம் தன்னை நாடி வந்த விருந்தினரால் எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு சிதைந்தது என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

முதலில் அந்நாட்டுக் குளிர்காலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் நாட்டில் கோடைக்குப் பின் மழை வருகிறது. அங்கோ மழையும் குளிரும் ஒன்றாக வருகின்றன. சனவரி மாதத்தில் ஏதென்ஸின் சராசரி வெப்பம் 10 பாகை அளவில் நிற்கும். சில ஆண்டுகளில் பனியும் பெய்வதுண்டு. வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றைப் பண்டைக் கிரேக்கர் போரியாஸ் என்னும் தேவனாக உருவகித்தனர். பழைய அங்காடிப் பகுதியில் எட்டுப் பட்டையாக எழுந்து நிற்கும் 'காற்றுக் கோபுரம்' என்னும் பளிங்குக் கட்டடத்தில் அத்தேவனின் உருவத்தை இன்றும் காணலாம். தடித்த போர்வை போர்த்து, சங்கு ஊதும் முதியவனாக அவன் அங்கே பறந்து செல்கிறான்.

ஆயினும் அக்குளிர்காலத்தின் நடுவே காற்று அடங்கி வெயில் காயும் சில நாட்கள் வருகின்றன. அவற்றை 'மீன்கொத்தி நாட்கள்' என்று அம்மக்கள் இன்றும் வழங்குகின்றனர். கடலில் கணவனை இழந்த ஆல்கியோனி என்பாள் மீன்கொத்திப் பறவையாக மாறினாள் என்பதும், அவள் முட்டையிட்டு அடைகாக்கும் பொருட்டுக் காற்று அடங்கி நிற்கிறது என்பதும் பழங்கதை. அந்நாட்களில் தெருவோரங்களில் நிற்கும் நாரத்தை போன்ற கசப்பு ஆரஞ்சு மரங்கள் பொன்னிறக் கனிகளைச் சுமந்து நிற்கும். நாட்டுப்புறத்தில் ஒலிவக்காய் பறிப்பு நடைபெறும்.

பண்டைக் காலத்தில் குளிர்காலம் அந்நகருக்கு விருந்தினர் வாராக் காலமாகவே இருந்தது. மத்தியதரைக்கடலில் நவம்பர் 11 முதல் மார்ச்சு 10 வரை கப்பலோட்டம் தகாது என்று உரோமப் பேரரசின் பிற்காலத்தில் வாழ்ந்த வெஜீஷியஸ் என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். கடல் மூடியது, துறைமுகம் ஓய்ந்தது. இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையின்மையையும் கருதலாம். மத்தியதரைக்கடல் மூடிக் கிடந்த அதே மார்கழி, தை மாதங்களில்தான், சங்க நூல்கள் பாடும் யவனரின் மரக்கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு மிளகுப் பொதிகளுடன் மேலைக் கடற்கரையிலிருந்து எகிப்தை நோக்கித் திரும்பின.

அயலார் வாராத அக்காலத்தில் ஏதென்ஸ் மக்கள் தமக்குள்ளே விழாக் கொண்டாடினர். ஏறத்தாழ நம் தை மாதத்தில் லீனையா என்னும் நாடக விழா நிகழ்ந்தது. கி.மு. 425இல் அவ்விழாவில் அரிஸ்டோபனீஸ் என்னும் நகைச்சுவை நாடக ஆசிரியர் 'அக்கார்னியர்' என்னும் நாடகத்தை அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார். அந்நாடகத்தின் தலைவன், அயலார் இன்னும் வரவில்லை, இங்கிருப்பவர் நாம் மட்டுமே, ஆகவே நகரின் குறைகளை மனம்விட்டுப் பேசலாம் என்னும் பொருள்படப் பேசுகிறான். மாசி மாதத்தை ஒட்டி மூன்று நாள் விழா ஒன்று வந்தது. முதல் நாள் புதிய திராட்சைமதுத் தாழிகளைத் திறந்தனர். இரண்டாம் நாள் சிறுவர்க்குப் பூமுடி சூட்டிச் சிறு குவளைகளைப் பரிசளித்தனர். மூன்றாம் நாள் நீத்தாரை நினைந்து தானியம் சமைத்துப் படைத்தனர். அச்சிறு குவளைகள் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. குழந்தைகளின் கல்லறைகளிலிருந்தும் அவை கிடைத்துள்ளன. அவற்றைக் காண்போர் நெஞ்சு நெகிழும்.

கிரேக்க நாடு தன் உரிமையை இழந்த பின்னர் இந்நிலை மாறியது. கி.மு. 168இல் மக்கெதோனிய அரசனை வென்ற உரோமத் தளபதி எமிலியஸ் பவுலஸ், அவ்வெற்றிக்குப் பின்னர் ஒரு சுற்றுலாப் பயணியைப்போலக் கிரேக்க நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். டெல்பி, ஏதென்ஸ், கொரிந்து, ஒலிம்பியா ஆகிய இடங்களுக்குச் சென்றார். ஒலிம்பியாவில் சிற்பி பீடியாஸ் வடித்த சீயஸ் தேவனின் உருவத்தைக் கண்டு உள்ளம் உருகினார். அதே பவுலஸ், தாயகம் திரும்பும் வழியில், உரோம ஆட்சிமன்றத்தின் ஆணைப்படி எபிரஸ் நாட்டின் 70 ஊர்களைச் சூறையாடினார். 1,50,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று பழைய வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். கலையைக் கண்டு கசிந்த கண், அக்கலையைப் படைத்த இனத்தாரின் கண்ணீரைக் காணவில்லை. கலைச்சுவையும் அருளுடைமையும் எப்போதும் உடன் வாழ்வன அல்ல என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அடுத்து வந்த விருந்தினர் இன்னும் கொடியவர். கி.மு. 87ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரம் உரோமுக்கு எதிராக நின்றது. தளபதி சுல்லா அதனை முற்றுகையிட்டார். குளிர்காலம் முழுவதும் முற்றுகை நீடித்தது. தாக்குதல் பொறிகள் செய்ய மரம் வேண்டியிருந்தது. பிளேட்டோ கற்பித்த அக்கடமியின் சோலையும், அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியத்தின் சோலையும் வெட்டி வீழ்த்தப்பட்டன. நகருக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. மக்கள் அக்ரோபோலிஸ் குன்றில் முளைத்த பூண்டுகளைப் பறித்துத் தின்றனர். தோற்செருப்புகளை வேகவைத்து உண்டனர் என்று புளுட்டார்க் எழுதுகிறார். கி.மு. 86 மார்ச்சு முதல் நாள் நகரம் வீழ்ந்தது. கொலை எல்லை கடந்தது. இறுதியில், இறந்துபோன முன்னோரின் புகழுக்காக உயிருடன் எஞ்சியிருப்பவர்களை மன்னிக்கிறேன் என்னும் கருத்துப்படச் சொல்லிச் சுல்லா வாளை உறையிலிட்டார். கட்டி முடிக்கப்படாதிருந்த சீயஸ் கோயிலின் தூண்கள் சில உரோமுக்குச் சென்றன. அரிஸ்டாட்டிலின் நூல்கள் அடங்கிய ஒரு நூற்றொகுதியும் உடன் சென்றது.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 79இல் 27 வயது இளைஞர் ஒருவர் உரோமிலிருந்து வந்து அதே ஏதென்ஸில் ஆறு மாதம் தங்கித் தத்துவம் பயின்றார். அவரே பின்னாளில் சொல்வேந்தராகப் புகழ்பெற்ற சிசரோ. ஒரு பிற்பகலில் நண்பர்களுடன் அக்கடமிக்கு நடந்து சென்றதாக அவர் தம் நூலொன்றில் எழுதியுள்ளார். நகர வாயிலிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு. பெரியோரின் வரலாற்றைக் கேட்பதைவிட, படிப்பதைவிட, அவர்கள் வாழ்ந்த இடத்தை நேரில் காண்பது உள்ளத்தை மிகுதியாகத் தொடுகிறதே, அது ஏன் என்று அந்நண்பர்கள் உரையாடுகின்றனர். சுல்லா அழித்த அதே சோலையின் இடத்தில் நின்று, சிசரோ ஒரு கருத்தை மட்டும் எடுத்துச் சென்றார்.

குளிர்கால விருந்தினருள் முதலிடம் பெறுபவர் உரோமப் பேரரசர் ஹேட்ரியன். கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட இவர், அரியணை ஏறுமுன்பே ஏதென்ஸ் நகரின் தலைமை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கிரேக்கப் பண்பாட்டின்மீது இளமையிலேயே பற்றுக் கொண்டமையால் இவரைக் 'குட்டிக் கிரேக்கர்' என்று உரோமர் எள்ளினர். பேரரசரான பின்னர் 124-125, 128-129, 131-132 ஆகிய மூன்று குளிர்காலங்களை இவர் ஏதென்ஸில் கழித்தார். நகர மக்களின் உடையை உடுத்து அவர்களின் நாடக விழாவுக்குத் தலைமை தாங்கினார்.

ஹேட்ரியன் வெறுங்கையுடன் வரவில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்று நூற்றாண்டுக் கணக்கில் குறையாகக் கிடந்த சீயஸ் பெருங்கோயிலை அவரே நிறைவு செய்தார். அதன் 104 தூண்களுள் 15 இன்றும் நிற்கின்றன. பதினாறாவது தூண் 1852இல் வீசிய புயலில் சாய்ந்து, அடுக்கிவைத்த நாணயங்கள் சரிந்தாற்போல் தரையில் கிடக்கிறது. நூறு தூண்கள் சூழ்ந்த நூலகம் ஒன்றையும் அவர் கட்டினார். மக்களுக்கு ஆண்டுதோறும் தானியம் கிடைக்க வழி செய்தார். இவை எல்லாவற்றினும் மேலானது அவர் தொடங்கிய நிலத்தடி நீர்க்கால்வாய். பார்னிதா மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு பாறையைக் குடைந்து நீரைக் கொணரும் அக்கால்வாய், அவர் மறைந்தபின் கி.பி. 140இல் முற்றுப்பெற்றது. இடையில் தூர்ந்துபோன அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்பனிட்டனர். 1929இல் மாரத்தான் அணை கட்டி முடிக்கப்படும் வரை ஏதென்ஸ் மக்களின் தாகத்தைத் தணித்த ஊற்றுகளுள் அதுவும் ஒன்றாக இருந்தது. ஒரு விருந்தாளி விட்டுச்சென்ற கொடை பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் குடிநீராகப் பாய்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் வரலாற்றைப் பயில்வோர் ஒருபக்கத்தை மட்டும் பார்த்தல் கூடாது. ஹேட்ரியன் தமக்காகவும் கட்டினார். நகரில் நிற்கும் அவருடைய தோரண வாயிலின் ஒரு பக்கத்தில் இது தெசியசின் பழைய நகரம் என்றும், மறுபக்கத்தில் இது தெசியசின் நகரன்று, ஹேட்ரியனின் நகரம் என்றும் பொருள்படும் கல்வெட்டுகள் உள்ளன. ஏதென்ஸ் மக்கள் அவரைப் போற்றிய அதே 132ஆம் ஆண்டில் யூத நாட்டில் அவருடைய ஆட்சியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அது குருதி வெள்ளத்தில் அடக்கப்பட்டது. ஒரு நகருக்கு வள்ளலாக விளங்கியவர் மற்றொரு நாட்டுக்குக் கூற்றுவனாக விளங்கினார்.

நூற்றாண்டுகள் பல உருண்டன. 1458இல் ஏதென்ஸ் துருக்கிய உதுமானியர் ஆட்சிக்கு உட்பட்டது. அக்ரோபோலிஸ் குன்றில் நிற்கும் அதீனா தேவியின் பார்த்தினான் கோயில், இடைக்காலத்தில் கிறித்தவ ஆலயமாகி, பின்னர்ப் பள்ளிவாசலாயிற்று. எனினும் கட்டடம் பெரும்பாலும் முழுமையாகவே நின்றது. 1674 நவம்பரில், குளிர் தொடங்கும் வேளையில், பிரெஞ்சுத் தூதர் நுவாந்தேல் அங்கு வந்தார். அவருடன் வந்த ஓவியர் ஒருவர் கோயிலின் முகப்புச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து, சுமார் இரண்டு வாரத்தில் தாளில் வரைந்தார். 1676ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லியோன் நகர மருத்துவர் ஸ்பானும் ஆங்கிலேயர் வீலரும் வந்து, கண்டவற்றை எல்லாம் அளந்தும் எழுதியும் சென்றனர். இவர்கள் எடுத்துச் சென்றவை குறிப்பேடுகள்.

அவை எத்துணை அரியன என்பது பதினோர் ஆண்டுகளில் விளங்கிவிட்டது. 1687இல் மொரோசினி என்னும் தளபதியின் தலைமையில் வெனிஸ் நகரப் படை ஏதென்ஸை முற்றுகையிட்டது. உதுமானியப் படையினர் பார்த்தினானில் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தனர். செப்டம்பர் 26ஆம் நாள் வெனிஸ் படையினரின் குண்டு ஒன்று அதன்மீது விழுந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நின்ற கோயில் ஒரு நொடியில் பிளந்தது. வென்ற படை அவ்வாண்டுக் குளிர்காலத்தை நகரில் கழித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் வெளியேறியது. போகுமுன் மொரோசினி மேற்கு முகப்பின் குதிரைச் சிற்பங்களை இறக்க முயன்றார். அவை கீழே விழுந்து நொறுங்கின. பிரேயஸ் துறைமுகத்தில் இருந்த பளிங்குச் சிங்கமோ வெனிஸ் நகருக்குச் சென்றது. இன்றும் அந்நகரின் பழைய கப்பற்கூடத்தின் வாயிலில் அமர்ந்திருக்கிறது. வெனிஸ் படை விலகியதும், பழிக்கு அஞ்சிய ஏதென்ஸ் மக்களும் ஊரைவிட்டு அகன்றனர். நொறுங்கிய அச்சிற்பங்கள் எவ்வாறு அமைந்திருந்தன என்பதை அறிய இன்று நமக்குள்ள தலையாய சான்று, 1674ஆம் ஆண்டு ஓவியர் வரைந்த அந்தத் தாள்களே.

1801ஆம் ஆண்டில் மற்றொரு கதை தொடங்கியது. உதுமானியப் பேரரசுக்கு இங்கிலாந்தின் தூதராயிருந்த எல்ஜின் பிரபு, அரசின் அனுமதி பெற்றதாகக் கூறித் தம் ஆட்களைக்கொண்டு பார்த்தினான் சிற்பங்களை இறக்கத் தொடங்கினார். எஞ்சியிருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி இங்கிலாந்துக்குச் சென்றது. 1816இல் ஆங்கிலப் பாராளுமன்றம் 35,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்தது. எல்ஜின் அழிவிலிருந்து சிற்பங்களைக் காத்தார் என்பது ஒரு சாராரின் வாதம். அனுமதி சட்டப்படி அமைந்தது என்றும் அவர்கள் சொல்வர். அயலாட்சியில் அடிமைப்பட்டிருந்த நாட்டின் உடைமையை, அந்நாட்டு மக்களைக் கேளாமல் வழங்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது கிரேக்கரின் வாதம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்நிலையில், 1809 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, 21 வயதுடைய ஆங்கிலக் கவிஞர் பைரன் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். பத்து வாரம் தங்கினார். வெறுமையான முகப்புகளைக் கண்டு வெகுண்டார். தம் நாட்டவரான எல்ஜினைத் தம் கவிதைகளில் கடுமையாகச் சாடினார். சூனியம் முனையில் கடலை நோக்கி நிற்கும் பொசைடன் கோயில் தூண் ஒன்றில் பைரனின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. அதனைச் செதுக்கியவர் அவரே என்பது வழக்கு. அது உண்மையாயின், பிறர் குற்றம் கண்டவரும் கல்லில் தம் பெயரைக் கீறும் ஆசையை வெல்லவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பைரனின் கதை அங்கு முடியவில்லை. 1821இல் கிரேக்கர் விடுதலைப் போர் தொடங்கினர். கிரேக்கக் கப்பற்படைக்காகத் தம் சொந்தப் பணத்தில் 4,000 பவுன் அளித்த பைரன், 1824 சனவரியில் மிசொலோங்கி என்னும் கடற்கரை நகருக்கு வந்தார். பளிங்குத் தூண்கள் எவையும் அங்கில்லை; சதுப்பு நிலமும் ஓயாத மழையுமே இருந்தன. அக்குளிர்காலத்தைப் போர்வீரரிடையே கழித்த அவர், காய்ச்சலால் ஏப்ரல் 19ஆம் நாள், 36ஆம் வயதில் உயிர் நீத்தார். முதற் குளிர்காலத்தில் காண வந்தவர், பிந்திய குளிர்காலத்தில் கைகொடுக்க வந்தார். முன்னே அவரைக் கவர்ந்தவை கற்கள். பின்னே அவரை அழைத்தவர்கள் மனிதர்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் ஏதென்ஸ் இரு கொடிய குளிர்காலங்களைக் கண்டது. 1940 அக்டோபர் 28இல் இத்தாலி படையெடுத்தது. தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் அறிஞர்களும் பணியாளர்களும் அக்குளிர்காலம் முழுவதும் உழைத்து, கூடங்களின் தரையைத் தோண்டிப் பளிங்குச் சிலைகளைப் புதைத்தனர். 1941 ஏப்ரல் 27இல் செருமானியப் படை நகருக்குள் புகுந்தபோது அருங்காட்சியகம் வெறுமையாகக் கிடந்தது. சிலைகள் தப்பின, மனிதர் தப்பவில்லை. அடுத்து வந்த 1941-42 குளிர்காலத்தில், படையெடுத்தோர் உணவைப் பறித்துக்கொண்டதாலும் நேசநாடுகளின் கடல் தடையாலும் பெரும்பஞ்சம் விளைந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். அந்நாளில் துருக்கியிலிருந்து 'குர்த்துலூஷ்' என்னும் கப்பல் உணவுப் பொருள்களைச் சுமந்து வந்தது. 1942 சனவரியில் அது மர்மரா கடலில் மூழ்கவே, வேறு கப்பல் அப்பணியைத் தொடர்ந்தது. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இருந்த நெடுநாட் பகையை நோக்க, இச்செயலின் பெருமை விளங்கும். 1942 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு நகரில் சான்றோர் சிலர் கிரேக்கப் பஞ்சத்தைத் துடைக்கக் கூடினர். இன்று உலகெங்கும் பணியாற்றும் ஆக்ஸ்பாம் என்னும் அறநிறுவனம் அக்கூட்டத்திலிருந்து பிறந்ததே.

இக்காலத்தில் குளிர்கால விடுமுறையில் ஏதென்ஸ் செல்பவர், 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தைக் கட்டாயம் காணவேண்டும். அத்தளம் எதிரே குன்றின்மீது நிற்கும் பார்த்தினானின் திசைக்கு இணையாக அமைக்கப்பட்டுள்ளது. கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டை அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. தம்மிடமுள்ள பகுதிகளை மங்கிய தேன்நிறப் பளிங்காகவும், லண்டன் முதலிய இடங்களில் உள்ளவற்றை வெள்ளைச் சுண்ணப் படிவங்களாகவும் வைத்துள்ளனர். ஒரே குதிரையின் உடல் பளிங்காகவும் தலை சுண்ணமாகவும் இருக்கக் காணலாம். எது இல்லை என்பதைச் சொல்லாமற் சொல்லும் அமைப்பு அது. 2022இல் இத்தாலியின் பாலெர்மோ நகரிலிருந்து ஒரு துண்டும், 2023இல் வத்திகனிலிருந்து மூன்று துண்டுகளும் அங்கே திரும்பி வந்தன. எடுத்துச் சென்றவை திரும்பவும் கூடும் என்ற நம்பிக்கைக்கு அவை வித்திட்டுள்ளன.

மாணவர்களே, பயணம் செய்யும் வாய்ப்பு உங்களுக்கும் ஒருநாள் வரும். அது ஏதென்ஸாக இருக்கலாம். மாமல்லபுரமாகவோ அனுராதபுரமாகவோ இருக்கலாம். அங்கே கல்லில் பெயரைக் கீறுபவரும் உண்டு. உடைந்த துண்டைப் பைக்குள் இடுபவரும் உண்டு. குறிப்பேட்டுடன் சென்று, பார்த்ததை உண்மையாக எழுதி வருபவரும் உண்டு. நுவாந்தேலின் ஓவியர் இரண்டு வாரம் அண்ணாந்து நின்று வரைந்த கோடுகள், மொரோசினியின் கயிறுகள் அழித்ததை இன்றளவும் காத்து நிற்கின்றன. எடுத்தவனுக்குக் கல் கிடைத்தது. உற்றுப் பார்த்தவனால் உலகுக்கு அக்கோயிலின் வடிவம் கிடைத்தது. பழைய நகரங்களைக் காணச் செல்வோர் இவ்விருவருள் யாரைப் பின்பற்றுவது என்பதைப் புறப்படுமுன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தாம் காணச் சென்ற கற்களின் நிழலில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.